ஓடாத கிலோமீட்டருக்கும் வாடகை: தஞ்சை, கும்பகோணம், தரங்கம்பாடி நான்கு நாள்

2025 டிசம்பர் 26, வெள்ளி. மதுரையிலிருந்து தஞ்சாவூர்

அரையாண்டு விடுமுறையில் எங்காவது போகலாம் என்று மகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஆறாம் வகுப்பு. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நான், அம்மா, மகள் மூன்று பேர் மட்டும். கால் வலியை நினைத்துத்தான் வாடகைக் கார் பேசினேன். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா ஒரு நாளைக்கு 500. நான்கு நாளில் சுமார் 620 கிலோமீட்டர் வரும் என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். 620-ஐ 14-ஆல் பெருக்கினால் 8,680, பேட்டா 2,000, ஆக 10,680. இதுதான் நான் வீட்டிலிருந்து எடுத்துப் போன கணக்கு.

மகளிடம் ஒரு நோட்டு கொடுத்து, செலவையெல்லாம் நீதான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவள் முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதினாள். ஒன்று வாசலில் இருக்கும் கரண்ட் மீட்டரில் இருந்தது: 6,418.2. இரண்டாவது கார் ஓடிய தூரம்: 48,216. மீட்டரை ஏன் எழுதுகிறாய் என்றேன். "நம்ம இல்லாதப்போ வீடு எவ்வளவு சாப்பிடுதுன்னு பார்க்கணும்" என்றாள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி, துவரங்குறிச்சி தாண்டி ரோட்டோர ஓட்டலில் சாப்பிட்டோம். மூன்று இட்லி 45 ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது, தேங்காய்ச் சட்னி புளித்திருந்தது. அம்மா இட்லியைப் பிட்டுக்கொண்டே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஒரு கிலோ இட்லி அரிசி 50, கால் கிலோ உளுந்து 35, உப்பு, கேஸ், அரைக்கும் கரண்ட் எல்லாம் சேர்த்து ஒரு 10. ஆக 95 ரூபாய்க்கு ஐம்பது இட்லி வரும். ஒரு இட்லி ஒரு ரூபாய் 90 காசு. "இங்க ஒண்ணு பதினஞ்சு ரூபா" என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திருச்சி வரை வானம் மூடியே இருந்தது. தஞ்சாவூர் போய்ச் சேரும்போது தூறல். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பெரிய கோவிலுக்குப் போனபோது கூட்டம் அதிகம் என்றாலும் நெரிசல் இல்லை, மழை பெய்த கருங்கல் தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அம்மா நந்தி மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் மகளும் சுற்றிவந்து கல்வெட்டு வரிகளைத் தடவிப் பார்த்தோம்.

1010-இல் கட்டி முடித்த கோவில். ராஜராஜன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. எனக்கு இவற்றில் எப்போதும் மிகவும் பிடித்தது விளக்குக் கணக்குதான். ஒரு விளக்கு அணையாமல் எரிய தினமும் ஒரு உழக்கு நெய். அதற்கு ஆடாக இருந்தால் 96, பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் குடும்பம் நாள் தவறாமல் நெய் அளக்க வேண்டும். ஆடு சாகலாம், கிழடாகலாம், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அதனால் அவற்றுக்குப் பெயரே சாவா மூவாப் பேராடு.

மகள் உடனே உட்கார்ந்து போட்டாள். நாலு உழக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால் என்று சொல்லிக்கொடுத்தேன். வருஷத்துக்கு 365 உழக்கு. நாலால் வகுத்தால் 91 நாழி, மீதி ஒரு உழக்கு. 91-ஐ எட்டால் வகுத்தால் 11 மரக்கால், 3 நாழி. ஒரே ஒரு விளக்குக்கு. அப்புறம் 96, 48, 16 மூன்றையும் பார்த்து, "அப்போ ஒரு எருமை மூணு பசு, ஆறு ஆடு" என்றாள். மேலூர்ப் பக்கம் எருமை வளர்த்த வீட்டில் பிறந்த அம்மாவிடம் போய்ச் சொன்னோம். எருமைப் பாலில் நெய் கூட வரும், அது சரி, ஆனால் மூன்று பங்கா என்று அம்மாவுக்குச் சந்தேகம். அந்தக் காலத்துப் பசு குறைவாகக் கறந்திருக்கும் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். பிறகு, "அந்த ஆட்டை மேய்ச்சவனுக்கு என்ன குடுத்தாங்களாம்?" என்றாள். குட்டிகளும் மிச்சப் பாலும் அவனுக்குத்தானே என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

வெளியே வந்து டீ குடித்தபோதுதான் அந்த விஷயம் தெரிந்தது. மகள் கார் மீட்டரைப் பார்த்து 48,421 என்று எழுதி, கழித்து, "இன்னைக்கு 205" என்றாள். டிரைவர் தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அக்கா, 205-னு கணக்கு வைக்காதீங்க. ஒரு நாளைக்கு 250 மினிமம். வண்டி நின்னாலும் 250 ஓடுனதாத்தான் பில்லு போடுவாங்க. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

வாடகைக்கு விட்டவர்களுக்குப் போன் போட்டேன். அனுப்பிய மெசேஜின் கடைசி வரியில் இருக்கிறது என்றார்கள். இருந்தது. பேசும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போய்விட்டது. அந்தத் தம்பி சொல்லாமல் இருந்திருந்தால் நான்காம் நாள் மதுரையில் இறங்கும்போதுதான் தெரிந்திருக்கும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. அவர் எங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ராத்திரி அறையில் கணக்கு. நான்கு நாளுக்கு 250 வீதம் 1,000 கிலோமீட்டர், 14,000 ரூபாய், பேட்டாவோடு 16,000. நான் நினைத்ததைவிட 5,320 அதிகம். நாங்கள் உண்மையில் ஓடப்போகும் 620-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் 80 காசு. 14 என்று சொன்னது எங்கே, இது எங்கே.

தஞ்சாவூரில் அறை வாடகை 2,400, வரி 5 சதவீதம். மகளுக்கு இதை மட்டும் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தேன்: பத்து சதவீதம் என்றால் கடைசிப் பூஜ்ஜியத்தை எடுத்துவிடு, 240. அதில் பாதி 120. ஆக 2,520.

டிசம்பர் 27, சனி. திருவையாறு, கும்பகோணம்

காலையில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். நிறைய பேர் எப்படியும் காசு போகிறது என்று வேளாங்கண்ணி, நாகூர் என்று கூடுதலாகச் சுற்றிவிட்டு வருவார்கள் என்று டிரைவர் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வீணாகும் கிலோமீட்டரை ஓட்டித் தீர்த்தால் காசு திரும்பி வராது, அம்மாவின் கால்தான் இன்னும் வீங்கும்.

வேறு வழி, கும்பகோணத்தில் காரை அனுப்பிவிடுவது. காலி வண்டி மதுரை திரும்பும் தூரத்துக்கும் கொடுக்க வேண்டும். முதல் நாள் 205, இன்று சுமார் 75, திரும்ப 230, மொத்தம் 510. இரண்டு நாள் மினிமம் 500, அதைத் தாண்டிவிட்டதால் உள்ளபடி கணக்கு. 510-ஐ 14-ஆல் பெருக்க 7,140, பேட்டா 1,000, ஆக 8,140. நான்கு நாளும் வைத்திருந்தால் 16,000. மிச்சம் 7,860.

அம்மாவின் காலை நினைத்து எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அம்மாதான் வகுத்தாள். "ரெண்டு நாளைக்கு ஏழாயிரத்து எண்ணூறுன்னா, நாளைக்கு நாலாயிரம். நாலாயிரத்துக்கு எங்க வேணும்னாலும் ஆட்டோ வைச்சுக்கலாம். பஸ்ல ஏற முடியலைன்னா பார்த்துக்குவோம், அனுப்பு." அது நல்ல யோசனை. 7,860 என்று மொத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கு அது ஒரு பயமாகவே இருந்தது, ஒரு நாளைக்கு என்று உடைத்ததும் அதை எதனோடு ஒப்பிடுவது என்று தெரிந்துவிட்டது.

போகும் வழியில் திருவையாறு. காவிரியில் தண்ணீர் பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அசோகா அல்வா வாங்காமல் வர முடியுமா? பாசிப்பருப்பில் செய்வது, வாழை இலைத் துண்டில் சூடாகப் போட்டுக் கொடுத்தார்கள், நெய் விரலில் வழிந்தது. கால் கிலோ டப்பா 110 ரூபாய், கிலோவாக வாங்கினால் 400. நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அம்மா ஒரு கிலோவாக வாங்கிக்கொண்டாள், வீட்டில் டப்பா இருக்கிறதாம்.

கும்பகோணத்தில் வெண்கலக் கடைத் தெரு, மகாமகக் குளம் எல்லாம் காரிலேயே ஒரு சுற்று. நாலு மணிக்கு டிரைவரை அனுப்பினோம். டோல், பார்க்கிங் 430, வாடகை 8,140, கொடுத்தாகிவிட்டது. அவருக்குத் தனியாக 200 ரூபாய் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றார். அம்மா, "தம்பி, வழியில சாப்பிடுங்க" என்று அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து போனது, நோட்டில் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

இரவு இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு வாசத்தோடு, குருமா மாதிரி ஆனால் குருமா இல்லை. பித்தளை டபராவில் டிகிரி காபி, ஒன்று 30 ரூபாய். இரண்டாவது காபியும் குடித்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு. தரங்கம்பாடி

பஸ்ஸில் மயிலாடுதுறை, அங்கே மாறித் தரங்கம்பாடி. ஆளுக்கு 30-ம் 25-ம், மகளுக்கு அரை டிக்கெட் 15-ம் 13-ம். மூன்று பேருக்கும் போக 138, வர 138. அம்மா ஏறும்போது கண்டக்டர் அவசரப்படுத்தாமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். சில்லறை இரண்டு ரூபாய் பாக்கி வைத்திருந்தவர், இறங்கும்போது மறக்காமல் கூப்பிட்டுக் கொடுத்தார்.

மயிலாடுதுறையிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்தார். மடியில் தூக்குவாளி, கையில் சேறு காய்ந்த தடம். மகள் நோட்டில் எழுதுவதைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "எங்க கணக்கையும் எழுதிக்க பாப்பா" என்றார். ஜன்னலுக்கு வெளியே சம்பா பச்சை, பார்க்கும் தூரம் வரை.

நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அவர்களுக்கு மூன்று மா. மாவுக்குப் பத்து மூட்டை கண்டால் பிழைத்தோம் என்றார். மூட்டை அறுபது கிலோ, முப்பது மூட்டை என்றால் 1,800 கிலோ, பதினெட்டு குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் இந்த வருஷம் (2025-26) சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500. பதினெட்டு இரண்டாயிரத்து ஐந்நூறு 45,000. செலவு? உழவு, விதை, நடவுக் கூலி, உரம், மருந்து, களையெடுப்பு, அறுப்பு மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை என்று விரல் மடக்கி 32,000 சொன்னார். மிச்சம் 13,000. நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை ஐந்து மாதம். மகள் ஐந்தால் வகுத்து, "மாசம் 2,600" என்றாள். "அம்புட்டுதான். அதுவும் மழ அறுப்பு நேரத்துல பேயாம இருந்தா" என்றார். நிறுத்தம் வந்ததும் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

தரங்கம்பாடியில் காற்று பலமாக அடித்தது. டேனியர்கள் 1620-இல் கட்ட ஆரம்பித்த டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, சுவர் வெளிர் மஞ்சள். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டு, இங்கேயே தமிழ்ப் புத்தகம் அச்சடித்ததைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். 1845-இல் டேனியர்கள் இந்த ஊரையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயர்களிடம் 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். மகள் உடனே 1845-இலிருந்து 1620-ஐக் கழித்து 225, பன்னிரண்டரை லட்சத்தை 225-ஆல் வகுத்து, "வருஷத்துக்கு 5,555 ரூபாய்" என்று காட்டினாள். வகுத்தல் சரி. ஆனால் அந்த விடைக்கு அர்த்தம் இல்லை என்று அவளுக்கு விளக்கக் கொஞ்ச நேரம் ஆனது. விற்றது இரண்டு ஊரையும் சேர்த்து, செராம்பூர் அவர்கள் கைக்கு வந்ததோ 1755-இல்தான், அதோடு 1620-இன் ரூபாயும் 1845-இன் ரூபாயும் ஒன்றல்ல. எதை எதால் வகுக்கிறோம் என்று முதலில் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை நான் வீட்டில் எத்தனை முறை நடத்தியிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது.

மதியச் சாப்பாடு மீன் குழம்போடு, வஞ்சிரம் தனியாக 120. குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். சாப்பிட்டு வெளியே வந்ததும் பெரிய மழை. ஓடி ஒதுங்குவதற்குள் நோட்டு நனைந்து, இரண்டாம் நாள் பக்கம் முழுக்க மை கரைந்துவிட்டது. மகள் அழுதுவிட்டாள்.

அறைக்கு வந்ததும் நான் அவளோடு உட்கார்ந்தேன். சில்லறைச் செலவுக்கென்று 6,000 ரொக்கமாக எடுத்து வந்திருந்தேன். பையில் மீதி 3,415. அப்போது செலவு 2,585. கரையாத பக்கங்களில் இருந்ததையும் ஞாபகத்தில் இருந்ததையும் கூட்டினால் 2,495. தொண்ணூறு ரூபாய் இடிக்கிறது. எங்கே போயிருக்கும் என்று மூன்று பேரும் நேற்றைய நாளை மறுபடி ஒரு தடவை நடந்து வந்தோம், குளக்கரை, காபிக்கடை, கோவில் வாசல். கடைசியில் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பூ இரண்டு முழம் 40, செருப்புப் பார்த்துக்கொண்டவருக்கும் கோவில் வாசலில் இருந்த பாட்டிக்குமாக 50. கணக்கு நேராகிவிட்டது. மகள் புதுப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். பென்சில் கரையாது.

டிசம்பர் 29, திங்கள். தாராசுரம், ஊர் திரும்பல்

காலை ஏழு மணிக்குத் தாராசுரத்துக்கு டவுன் பஸ். மூன்று பேரும் பெண்கள் என்பதால் கட்டணம் கிடையாது, ஆனாலும் கண்டக்டர் மூன்று சீட்டு கிழித்துக் கொடுத்தார். மகள் அதை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் 0 என்று எழுதினாள். மார்கழி மாதம், தெருவெல்லாம் கோலம், பூசணிப்பூ. ஐராவதேசுவரர் கோவிலில் எங்களைத் தவிரப் பத்துப் பேர் இருந்திருந்தால் அதிகம். புல்வெளி நனைந்து கிடந்தது. அம்மா ஒரு இடத்தில் உட்கார்ந்து யானை குதிரைச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எழுந்து வர மனமில்லை அவளுக்கு.

திரும்பி வரும்போது ஆட்டோ கேட்டோம், 150 என்றார். நாலு கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. அம்மாவுக்குக் கால் கடுத்தது, ஏறிவிட்டோம். மிச்சம் பிடித்ததே இதற்குத்தானே.

அம்மா ஒரு கவுளி வெற்றிலை, நூறு இலை, 120 ரூபாய்க்கு வாங்கினாள். இந்த ஊர் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஈரத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

திருச்சியில் பஸ் மாறி மதுரை. ஆளுக்கு 190, மகளுக்கு 95, ஆக 475. இரண்டாவது பஸ்ஸில் கூட்டம், விராலிமலை வரை நான் நின்றுகொண்டே வந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, பையையும் மேலே தூக்கி வைத்தான். வீட்டுக்கு வர இரவு எட்டரை. இடுப்பு விட்டுப்போயிற்று.

டிசம்பர் 30, செவ்வாய். வீடு

நேற்றிரவு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டரைப் பார்த்தாள். 6,422.6. நான்கு நாளில் 4.4 யூனிட். ஓடியது ஃபிரிட்ஜும் வைஃபை பெட்டியும்தான். ஒரு நாளைக்கு 1.1, இரண்டு மாதத்துக்கு 66. நமக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஆளில்லாத வீடே தின்றுவிடுகிறது. கோடையில் ஏசி போடும்போது 500-ஐத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும், ஒரே யூனிட் கூடினாலும் பில் நூற்றுக்கணக்கில் ஏறும். அந்த இரண்டு மாதம் மட்டும் வாரம் ஒரு தடவை மீட்டரைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

பயணக் கணக்கு: கார், டோல் எல்லாம் 8,570. அறை மூன்று இரவு 6,300. சாப்பாடு 5,140. இரண்டு நாள் பஸ் 751. மற்றவை 3,035. இந்த மற்றவைதான் என்னை யோசிக்க வைத்தது. காபி, டீ, மகளின் பூஸ்ட் மட்டும் 930, இரண்டு நாள் பஸ்ஸைவிட அதிகம். தண்ணீர் பாட்டில் பதினெட்டு, 360. ஆட்டோ 640. பூ, அர்ச்சனை, செருப்புக்கு 290. அல்வா, வெற்றிலை, தின்பண்டம் 815. ஒவ்வொன்றும் எடுக்கும்போது இருபது, முப்பது என்றுதான் இருந்தது. கூட்டினால் அறை வாடகையில் கிட்டத்தட்டப் பாதி.

மொத்தம் 23,796. மூன்று பேர், நான்கு நாள், பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 1,983. ஒரு ஆளுக்கு ஒரு நாள். மகள் அதை எழுதிவிட்டு, பக்கத்தைத் திருப்பி அந்த பஸ் அம்மாவின் 2,600-ஐப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு. "அந்த ஆச்சி வயல்ல வேலை செஞ்சதுக்கு இதுல காசு போட்டாங்களா?" என்று கேட்டாள். 32,000-இல் நடவுக் கூலி இருந்தது, களையெடுப்புக் கூலி இருந்தது, அவர் கூலி இல்லை. போடவில்லை என்றேன்.

அப்புறம் அவள் முதல் நாள் பக்கத்துக்குப் போனாள். ஒரு இட்லி ஒரு ரூபாய் 90 காசு. "இதுலயும் பாட்டிக்குப் போடலையே" என்றாள். ஊறப்போட்டு, கழுவி, அரைத்து, கரைத்து, ஊற்றி எடுக்க எவ்வளவு நேரம் என்று பாட்டியிடம் கேட்டாள். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்றாள் அம்மா. மணிக்கு எவ்வளவு போடுவது என்று கேட்டதற்கு, நூறு நாள் வேலைக்கு என்ன கூலியோ அதைப் போடு என்றாள். 2025-26-க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336. எட்டால் வகுத்தால் மணிக்கு 42. ஒன்றரை மணிக்கு 63. ஐம்பது இட்லியால் வகுத்தால் ஒரு ரூபாய் 26 காசு.

மகள் பழைய விடையை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: ஒரு இட்லி 3 ரூபாய் 16 காசு.